ஓட்டு வீடு வாங்கப் போகிறீர்களா?

பழைய ஓட்டு வீடு விலைக்கு வந்தால், பார்க்கப் போகிறவர் அண்ணாந்து பார்ப்பது ஓட்டைத்தான். “ஓடெல்லாம் கறுத்துப் போச்சு, மொத்தமா மாத்தணும்” என்று விலையைக் குறைக்கப் பேசுவார். கறுப்பும் பாசியும் குறையே அல்ல. நன்றாக வெந்த சீமை ஓடு (மங்களூர் ஓடு) இரண்டு தலைமுறைக்கு மேல் உழைக்கும். ஒன்றைக் கழற்றி விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நல்ல ஓடு. சத்தம் மந்தமாக வந்தால் விரிசலோ வேக்காட்டுக் குறையோ இருக்கும்.

முதலில் கெடுவது மரம். ஒரு சீமை ஓடு இரண்டரை கிலோ அளவுக்கு இருக்கும். பத்தடிக்குப் பத்தடி அறையின் மேலேயே 300 கிலோவுக்குக் குறையாத சுமை. அதைத் தாங்குவது சரிவாக இறங்கும் கைமரமும் அதன் மேல் குறுக்கே அடித்த ரீப்பரும்தான். கைமரத்தின் முனை சுவரில் புதையும் இடத்தில் ஈரம் தங்கும், கரையானும் அங்கேதான் ஏறும். ஸ்க்ரூடிரைவர் நுனியால் அந்த முனையைக் குத்துங்கள். சுலபமாக உள்ளே இறங்கினால் மரம் போய்விட்டது. தரையில் மரமாவு கொட்டிக் கிடக்கிறதா, சுவரில் கரையான் மண்கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். பனங்கை (பனைமரக் கைமரம்) போட்ட கூரையானால் வைரம் பாய்ந்த மரமா என்று கேளுங்கள். இளமரம் சீக்கிரம் உளுத்துவிடும். பிறகு தெருவில் நின்று முகட்டைப் பாருங்கள். நூல் பிடித்ததுபோல் நேராக இல்லாமல் நடுவில் தொய்ந்திருந்தால், விலையைக் குறைத்துக் கேட்க அதுதான் நியாயமான காரணம்.

“ஓட்டில் 1865 என்று பொறித்திருக்கிறது, அந்தக் காலத்து வீடு” என்று தரகர் சொல்லக்கூடும். 1865 என்பது மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு. பிற்காலத்தில் செய்த ஓடுகளிலும் அதைப் பொறித்தார்கள். வீட்டின் வயதைப் பத்திரத்தில்தான் தேட வேண்டும். ஆனாலும் ஓட்டில் உள்ள கம்பெனி முத்திரையைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஒரு கம்பெனி ஓடு இன்னொரு கம்பெனி ஓட்டோடு பெரும்பாலும் சரியாகக் கவ்வாது. உடைந்ததை மாற்ற அதே வகைதான் வேண்டும்.

ஒழுகினால் மேலே சிமென்ட் பூசினால் போதும் என்ற நம்பிக்கைதான் அதிகக் கேடு செய்கிறது. வெயிலில் சிமென்ட் வெடிக்கும், வெடிப்பில் இறங்கிய நீர் காய வழியில்லாமல் மரத்தை நனைத்துக்கொண்டே இருக்கும். ஒழுகலுக்குப் பெரும்பாலும் நகர்ந்த ஓடோ, முகட்டு ஓட்டின் விரிசல் விட்ட பூச்சோ, இரண்டு சரிவுகள் சேரும் கூடல்வாயில் துருப்பிடித்த தகரமோதான் காரணம். நீர் ரீப்பர் வழியே ஓடி வேறிடத்தில் சொட்டும். சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே மட்டும் தேடிப் பயனில்லை.

ஓட்டு வீடு தானாகவே குளிரும் என்பதும் பாதி உண்மைதான். தாழ்ந்த கூரையில் ஒற்றை வரிசை ஓடு போட்ட அறை, சித்திரை நடுப்பகலில் கொதிக்கும். பழைய வீடுகளின் குளிர்ச்சிக்கு உயரமும் கனத்த சுவரும் முற்றமும், அடுக்கடுக்காக வேய்ந்த நாட்டு ஓடும் சேர்ந்துதான் காரணம். வெக்கைக்காகப் பொய்க்கூரை அடித்திருந்தால் இரண்டு பலகையையாவது கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மரத்தின் நிலை அதற்குப் பின்னால் மறைந்திருக்கும்.

வெயில் காலத்தில் வெள்ளையடித்த வீட்டைப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஐப்பசி மழை ஒன்று பெய்த மறுநாள், அனுபவமுள்ள தச்சர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள்.