‘ஓகே’ மட்டும் போதாது

இந்த மாதப் பாடத்தில் விமானங்கள் வரும், ரேடியோ வரும். ஆனால் பாடம் என்னவோ நம்ம வாயையும் காதையும் பற்றியதுதான். ஒருவர் சொன்னது இன்னொருவருக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பூச்சோங் குன்று

1989 பிப்ரவரி 19, விடியற்காலை. ஃபிளையிங் டைகர் நிறுவனத்தின் போயிங் 747 சரக்கு விமானம் ஒன்று சிங்கப்பூரிலிருந்து சுபாங்குக்கு வந்துகொண்டிருந்தது. அப்போது கே.எல்.ஐ.ஏ. கிடையாது, கோலாலம்பூருக்கு சுபாங்தான் விமான நிலையம். உள்ளே நான்கு பேர் இருந்தார்கள். நம்ம சிலாங்கூரிலேயே, பூச்சோங் அருகே ஒரு குன்றில் விமானம் மோதியது. நால்வரும் இறந்துபோனார்கள்.

கட்டுப்பாட்டு அதிகாரி சொன்னது, “டிசெண்ட் டூ ஃபோர் ஸீரோ ஸீரோ.” 2,400 அடிக்கு இறங்கு என்பது அவர் பொருள். ஆனால் ஆங்கிலத்தில் ‘இரண்டு’ என்ற சொல்லும், ‘400க்கு’ என்பதில் வரும் ‘க்கு’ என்ற சொல்லும் காதுக்கு ஒன்றுதான். விமானிகள் 400 அடி என்று எடுத்துக்கொண்டார்கள். கேப்டன் சொன்ன பதில், “ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ.” அந்தக் குன்றில் விமானம் மோதிய இடத்தின் உயரமோ சுமார் 437 அடி.

இங்கே ஒன்றைக் கவனிங்க. தவறு மறைந்து இருக்கவில்லை. கேப்டனின் பதிலிலேயே ‘டூ’ இல்லை. வெறும் 400தான் இருந்தது. அதைக் கேட்டவர் “இல்லை, இரண்டாயிரத்து நானூறு” என்று திருத்தவில்லை. பிறகு தரை நெருங்குகிறது என்று விமானத்தின் எச்சரிக்கைக் கருவியும் கத்தியது. விமானிகள் அதையும் பொருட்படுத்தவில்லை.

பாதி வேலை பேசுவது, பாதி வேலை கேட்பது

விமானத் துறையில் முக்கியமான கட்டளையை விமானி அப்படியே திரும்பச் சொல்ல வேண்டும். இதை ரீட்பேக் என்பார்கள். கட்டளை தந்தவர் அந்தப் பதிலைக் காதுகொடுத்துக் கேட்டு, தப்பு இருந்தால் உடனே திருத்த வேண்டும். இது ஹியர்பேக். இரண்டும் நடந்தால்தான் செய்தி போய்ச் சேர்ந்ததாகக் கணக்கு. பூச்சோங்கில் முதல் பாதி நடந்தது, இரண்டாம் பாதி நடக்கவில்லை.

1977 மார்ச் 27-இல் ஸ்பெயினின் டெனரிஃப் தீவில் நடந்தது இன்னும் கொடுமை. ஓடுபாதையிலேயே இரண்டு 747 விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். கே.எல்.எம். விமானம் அனுமதி இல்லாமல் ஓடத் தொடங்கியிருந்தது. அதிகாரி “ஓகே” என்று ஆரம்பித்து, “காத்திருங்கள், நான் கூப்பிடுகிறேன்” என்று முடித்தார். அதே நொடியில் மற்ற விமானமும் ரேடியோவில் பேசியதால் பின்பகுதி இரைச்சலில் அமுங்கிப் போனது. தெளிவாக விழுந்தது ‘ஓகே’ மட்டும்தான். அதன் பிறகுதான் ‘டேக் ஆஃப்’ என்ற சொல்லை, புறப்பட அனுமதி கொடுக்கும்போதோ அதை ரத்து செய்யும்போதோ மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று கட்டுப்பாடு வந்தது.

1996 நவம்பர் 12-இல் டில்லிக்கு அருகே சார்க்கி தாத்ரியில் சவூதி விமானமும் கஸகஸ்தான் விமானமும் நடுவானில் மோதி 349 பேர் மாண்டார்கள். கஸகஸ்தான் விமானத்துக்குத் தரப்பட்ட உயரம் 15,000 அடி. அது அதற்கும் கீழே இறங்கிவிட்டது. அந்த விமானத்தில் ரேடியோவில் பேசியவர் ஒருவர், விமானத்தை ஓட்டியவர் வேறொருவர். நடுவில் ஆள் வைத்துச் செய்தி அனுப்பும்போது, கடைசியில் செய்கிறவரின் கைக்கு அது போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது அதைவிட முக்கியம்.

நம்மிடம் இருக்கும் பழைய முறை

திரும்பச் சொல்வது நமக்குப் புதுசு இல்லை. வேதமும் பிரபந்தமும் கற்பிக்கும் ‘சந்தை’ முறையில் ஆசிரியர் ஒருமுறை சொல்வார், மாணவர் இருமுறை திரும்பச் சொல்வார். தேவார வகுப்பிலும் ஆசிரியர் ஒரு வரி பாடி நம்மைப் பாடச் சொல்கிறார். நாம் பாடும்போது அவர் சும்மா இருப்பதில்லை. ஓர் எழுத்து பிசகினாலும் நிறுத்தித் திருத்துவார். அதுதான் ஹியர்பேக். திருவள்ளுவர் ‘கேள்வி’க்கு ஒரு தனி அதிகாரமே வைத்தார், 42-வது. அதை அரசியல் பகுதியில் வைத்தார் என்பதை யோசிங்க. கட்டளை இடுகிறவனுக்குத்தான் கேட்கும் கடமை அதிகம்.

திருவிழா வேலையில்

கோயில் தேர் வரும்போது குறுக்கே இருக்கும் மின்கம்பியைக் கழியால் தூக்கிப் பிடிக்கும் வேலை பெரும்பாலும் நம்ம இளைஞர்களுக்குத்தான் வரும். முன்னால் நிற்பவர் “இன்னும் போகாதீங்க” என்று கத்தினால், உறுமி மேளச் சத்தத்தில் பின்னால் இழுப்பவர்களுக்கு “போ” மட்டும் விழலாம். அதனால் மூன்று விதிகள்:

1. நிறுத்த ‘நில்’, நகர ‘இழு’. இந்த இரண்டு சொற்கள் மட்டும். ‘இழு’ என்பதை நகரும் நேரம் தவிர வேறெப்போதும் சொல்லக் கூடாது.

2. எண்ணைத் தனித்தனியாகச் சொல்லுங்கள். ‘அம்பது’, ‘ஒம்பது’ இரண்டும் போனில் ஒன்றுபோலக் கேட்கும். “அஞ்சு, சைபர்” என்றால் குழப்பம் இல்லை. விமானிகள் ஒன்பதை ‘நைனர்’ என்று இழுத்துச் சொல்வதும் இதற்காகத்தான்.

3. வாட்ஸ்அப்பில் வேலை சொன்னால் கட்டைவிரல் படத்தையோ ‘ஓகே’யையோ பதிலாக ஏற்காதீங்க. “சனிக்கிழமை காலை 6 மணி, பந்தல், நான் வருகிறேன்” என்று எழுதச் சொல்லுங்கள். வந்த பதிலைப் படிக்கவும் செய்யுங்கள்.

பெரியவர் ஒருவர் சொன்னதைத் திரும்பக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நம்மில் பலர் தயங்குகிறோம். “ஐயா, நீங்க சொன்னது இதுதானே?” என்று பணிவாகக் கேட்டால் எந்தப் பெரியவரும் கோபிக்க மாட்டார். எஸ்டேட்டில் காலைப் பெரட்டில் மண்டோர் சொல்லும் நிரை எண்ணுக்கும் இது பொருந்தும், ஆஸ்பத்திரியில் தாத்தாவுக்கு மருந்து அளவு சொல்லும் நர்ஸுக்கும் பொருந்தும்.

வகுப்பில் செய்து பாருங்கள்: பத்துப் பேர் வட்டமாக உட்காருங்கள். ஒரு தேதி, ஒரு நேரம், ஓர் எண் கொண்ட செய்தியைக் காதோடு காதாக அனுப்புங்கள். முதல் சுற்றில் யாரும் திரும்பச் சொல்லக் கூடாது. இரண்டாம் சுற்றில் ஒவ்வொருவரும் திரும்பச் சொல்லி, சொன்னவர் “சரி” என்ற பிறகே அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். இரண்டு முடிவுகளையும் பலகையில் எழுதிப் பாருங்கள்.