பொருநைக் கரையில் நெல்லும் நாரையும்

மருதத் திணையின் கருப்பொருள்களைப் பயிலும் மாணவர், உணவு என்ற தலைப்பின்கீழ் நெல்லையும், புள் என்ற தலைப்பின்கீழ் நாரையையும் எழுதி மதிப்பெண் பெற்றுவிடுகின்றனர். இவ்விரண்டும் ஒரே நிலத்துக்கு உரியனவாக ஏன் வைக்கப்பட்டன என்னும் வினாவை அவர்கள் எழுப்புவதில்லை, பாடநூலும் எழுப்புவதில்லை. அவ்வினாவை மனத்திற்கொண்டே மாசித் திங்களில் மாணவர் சிலரை உடன் அழைத்துக்கொண்டு தாமிரபரணிப் பள்ளத்தாக்குக்கும், அதன் தெற்கேயுள்ள கூந்தன்குளத்துக்கும் சென்று வந்தோம். அங்குக் கண்டவற்றையும் அவை குறித்து நாம் எண்ணியவற்றையும் ஈண்டு எழுதுகிறோம்.

பொதிகை மலையில் தோன்றி, ஏறத்தாழ 128 கி.மீ. ஓடி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கும் தாமிரபரணியைப் பழந்தமிழர் பொருநை என்றனர். தமிழ் மண்ணிலேயே பிறந்து தமிழ் மண்ணிலேயே கடலை அடையும் இவ்வாறு, இரு பருவமழைகளாலும் நீர் பெறுகிறது. ஆதலின் இதன் கரையில் நெல்லும் இருபோகம். ஆனியில் தொடங்கிப் புரட்டாசியில் அறுவடையாவது கார். ஐப்பசியில் தொடங்கி மாசியில் அறுவடையாவது பிசானம். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், திருவைகுண்டம் என எட்டு அணைக்கட்டுகள் ஆற்றை மறிக்கின்றன. இவற்றுள் திருவைகுண்டம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் ஆட்சியில் கட்டப்பட்டது. ஏனையவை அதற்கும் முற்பட்டவை. இவற்றிலிருந்து பிரியும் பதினொரு கால்வாய்கள் ஏறத்தாழ 86,000 ஏக்கர் நிலத்துக்கு நீர் தருகின்றன.

இங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு. இந்நீரில் பெரும்பகுதி ஆற்றிலிருந்து நேரே வயலுக்குப் போவதில்லை. குளங்களில் தங்கிச் செல்கிறது. மேற்குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அந்நீர் கீழ்க்குளத்தைச் சேரும். கன்னடியன் கால்வாயைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. ஒரு பசு நடந்த வழியே கால்வாய் வெட்டப்பட்டதாம். அது படுத்த இடத்தில் குளமும், நீர் விட்ட இடத்தில் மடையும் அமைந்தனவாம். கதையைக் கதையென்றே கொள்வோம். எனினும், நில மட்டத்தின் ஏற்றத்தாழ்வை அறிந்து நீரை நடத்திய மக்களின் நுண்ணறிவு அதில் ஒளிந்திருக்கிறது.

சீவலப்பேரி அருகே சிற்றாறும் கயத்தாறும் பொருநையோடு கூடும் இடமே முக்கூடல். முக்கூடற்பள்ளு பிறந்த மண் இது. அந்நூலை மூத்த பள்ளிக்கும் இளைய பள்ளிக்கும் நடக்கும் ஏசலுக்காகவே படிப்போர் பலர். நாமோ அதனை ஓர் உழவு ஆவணம் என்று மதிக்கிறோம். மழைக்குறி, ஆற்று வரவு, மாட்டு வகை, நெல் வகை, மீன் வகை என அது அடுக்கிச் செல்லும் செய்திகள் வெறும் சொற்குவியல் அல்ல. வெள்ளத்தோடு மீன் வயலுக்கு வரும். மீனோடு பறவை வரும். உழைத்தவன் பண்ணையாரின் தண்டனைக்கு ஆளாகிக் குட்டையில் மாட்டப்பட்டதையும் அதே நூல் மறைக்காமல் சொல்கிறது. மருத வளத்தைப் பாடம் சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

கூந்தன்குளம் நாங்குநேரி வட்டத்தில் உள்ளது. திருநெல்வேலியிலிருந்து ஏறத்தாழ 38 கி.மீ. மழைநீரோடு, பொருநையின் துணையாறாகிய மணிமுத்தாற்றின் அணையிலிருந்து வரும் கால்வாய் நீரும் இக்குளத்தை நிரப்புகிறது. 1994-இல் பறவைகள் புகலிடமாக அறிவிக்கப்பட்ட இதற்கு 2022-இல் ராம்சார் ஈரநிலம் என்னும் உலகச் சிறப்பும் வெளியிடப்பட்டது. ஆனால் அரசு அறிவிப்புகளுக்கு முன்பே ஊரார் இப்பறவைகளைக் காத்துவந்தனர். மஞ்சள் மூக்கு நாரைகள் குளத்துக் கருவேல மரங்களில் மட்டுமன்றி, தெருவிலும் வீட்டுப் பின்புறத்திலும் உள்ள மரங்களிலும் கூடு கட்டுகின்றன. எச்ச நாற்றமும் இரவெல்லாம் ஓசையும் பொறுக்கத்தக்கவை அல்ல. இருந்தும் ஊரார் அவற்றை விரட்டுவதில்லை. தீபாவளிக்கு வெடி வெடிப்பதையும் தவிர்க்கின்றனர்.

மாணவர் ஒருவர் அந்நாரையைக் காட்டி, சத்திமுத்தப் புலவர் தூது விட்ட செங்கால் நாரை இதுதானே என்று கேட்டார். இல்லை என்றோம். புலவர் பாடியது வடதிசையிலிருந்து வலசை வந்து மீளும் நாரை. மஞ்சள் மூக்கு நாரையோ இந்நாட்டிலேயே வாழ்வது. இலக்கியத்தில் பறவைப் பெயரைக் கண்டால் உரையாசிரியரோடு நின்றுவிடாமல், பறவை நூலையும் புரட்டவேண்டும் என்பதற்கு இஃதொரு சான்று.

ஊராரின் பொறுமைக்கு அன்பு மட்டுமே காரணம் என்று நாம் கருதவில்லை. பறவை எச்சம் கலந்த குளத்து நீரும் வண்டலும் வயலுக்கு உரமாகின்றன. நத்தைகுத்தி நாரை வயல் நத்தைகளைத் தின்கிறது. தொண்டை நாட்டு வேடந்தாங்கலில் உழவர்கள் முறையிட்டு, 1798-இல் ஆட்சியர் லயனல் பிளேசிடம் பறவைப் பாதுகாப்புக்கு ஆணை பெற்றதும் இப்பயன் கருதியே.

இனி முதல் வினாவுக்கு வருவோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் குளம் நிறைகிறது. மார்கழி முதல் பறவைகள் வந்து கூடுகின்றன. வரித்தலை வாத்து இமயத்தைக் கடந்து வருகிறது. கூழைக்கடாவும் நாரையும் குஞ்சு பொரித்த பின், பிசானப் பயிருக்குக் குளத்து நீர் செலவாகி மட்டம் இறங்குகிறது. அப்போது மீன்கள் குறுகிய நீரில் செறிகின்றன. குஞ்சுகளுக்கு இரை மிகுதியாகத் தேவைப்படும் காலமும் அதுவே. உழவனின் மடை திறப்பும் நாரையின் இரை தேடலும் இங்ஙனம் ஒரே கணக்கில் இயங்குகின்றன. நெல்லையும் நாரையையும் ஒரே நிலத்தில் வைத்தவர்கள் கற்பனையில் வைக்கவில்லை. வயல் வரப்பில் நின்று கண்டு வைத்தனர்.

இக்கணக்கு இன்று பிழைபடுகிறது. அணை நிறையாத ஆண்டுகளில் கார் சாகுபடி பொய்க்கிறது. நகரை ஒட்டிய குளங்களும் கால்வாய்களும் ஆக்கிரமிப்பாலும் கழிவுநீராலும் நலிகின்றன. 2023 திசம்பர் 17, 18 நாள்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பெய்தபோது, இவ்வட்டாரத்துக் குளங்கள் பல உடைப்பெடுத்தன. கரை உடைந்த குளத்தில் அடுத்த போகத்துக்கு நீரில்லை. நாரைக்கு மீனும் இல்லை. சீமைக்கருவேலத்தை வேரோடு களையவேண்டும் என்பார் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆயினும் கூடுள்ள மரத்தைக் குஞ்சுகள் பறக்கும் முன் வெட்டலாகாது. வெட்டுமுன் அவ்விடத்தில் நாட்டுக் கருவேலம் வளர்ந்திருக்கவேண்டும்.

2011 முதல் சனவரித் திங்களில் தாமிரபரணிக் குளங்களில் தன்னார்வலர்கள் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்தி வருகின்றனர். நம் துறை மாணவர் அதில் சேரலாம். கணக்கெடுப்போர்க்கு எண்ணிக்கை வேண்டும். நமக்கு அதனோடு பெயர்களும் வேண்டும். ஒரே பறவைக்கு ஊருக்கு ஊர் வழங்கும் பெயர்களையும், நெல், மடை, மறுகால் பற்றிய வட்டாரச் சொற்களையும் முதிய உழவர்களிடம் கேட்டுப் பதிவு செய்யும் பணி இன்னும் மிகுதியாகக் கிடக்கிறது. இம்முறை மாணவர் திரட்டிய சொற்கள் ஒரு குறிப்பேட்டில் அகர வரிசையில் எழுதப்பெற்றுத் துறை நூலகத்தில் வைக்கப்பட்டுள்ளன. அதில் வெற்றுப் பக்கங்களே மிகுதி.