மீண்டும் நிறுவிய கணினி திறப்புக் கேட்கும்போது

இடம்பெயர்ந்து பல ஆண்டுகளின் பின் ஊர் திரும்பும் குடும்பம் முதலில் தேடுவது காணி உறுதியைத்தான். உறுதி கையில் இல்லை என்பதால் காணி கைவிட்டுப் போனதாகாது. காணிப் பதிவகத்தில் பதிவு இருந்தால் பிரதி எடுக்கலாம். இதை அறியாதவர்களே இடைத்தரகரிடம் போய்ப் பணத்தை இழக்கிறார்கள். கணினியிலும் இதே போன்ற நிலை ஒன்று உண்டு. இப்பாடத்தில் அதைப் பார்ப்போம்.

பிள்ளைகளின் படிப்புக்கும் சங்கக் கணக்குக்கும் எம்மிடம் வந்து சேரும் கணினிகளிற் பல, பிறர் பாவித்தபின் கொடுத்தவை. அவை மந்தமாகும்போது, அல்லது வைரஸ் புகும்போது, விண்டோஸ் என்னும் பணிசெயல் முறைமையை அழித்து மீண்டும் நிறுவுகிறோம். வேலை முடிந்ததும் திரையின் வலது கீழ் மூலையில் 'அக்டிவேற் விண்டோஸ்' என்ற மங்கலான எழுத்துத் தோன்றுகிறது. "லைசன்ஸ் போய்விட்டது, புதிதாக வாங்குங்கள்" என்று யாரோ சொல்கிறார்கள். நாமும் கடன்பட்டாவது பணத்தைத் தேடுகிறோம். பல வேளைகளில் அந்தச் செலவு தேவையற்றது.

செயற்படுத்தல் என்றால் என்ன?

ஒருவர் வாங்கிய விண்டோஸைப் பல கணினிகளில் ஏற்றாமல் தடுப்பதற்கு மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 2001 இல் விண்டோஸ் எக்ஸ்பியுடன் இம்முறையைக் கொண்டுவந்தது. 25 எழுத்தும் எண்ணும் கொண்ட திறப்பு ஒன்றைக் கொடுத்து, அதனை அக்கணினியின் பாகங்களோடு சேர்த்துப் பதிய வேண்டும்.

காலப்போக்கில் இம்முறை மாறியது. 2012 இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து, விண்டோஸுடன் விற்கப்படும் புதிய கணினிகளின் தாய்ப்பலகையிலேயே திறப்பைப் பதித்து விடுகிறார்கள். 2015 இல் விண்டோஸ் 10 உடன் 'டிஜிற்றல் லைசன்ஸ்' வந்தது. கணினியின் அடையாளம் நிறுவனத்தின் பதிவிலேயே இருக்கும். திறப்பை நாம் எழுதி வைத்திருக்க வேண்டியதில்லை. உறுதி தொலைந்தாலும் பதிவகத்திற் பதிவு இருப்பது போன்றது இது.

நாம் விட்ட பிழை

எம்மிடம் இருந்த ஒரு கணினி, முன்னர் விண்டோஸ் 7 இலிருந்து 10 க்கு மாற்றப்பட்டது. அதை அழித்து நிறுவியபோது 'ஹோம்', 'புரோ' என்று இரு வகைகள் திரையில் தோன்றின. 'புரோ' என்றால் சிறந்தது தானே என்று எண்ணி அதையே தெரிந்தோம். கணினி செயற்பட மறுத்தது. திறப்பு வாங்கப் பணமும் ஒதுக்கி விட்டோம். பின்னர்தான் விளங்கியது, அக்கணினிக்குப் பதிவாகியிருந்த உரிமம் 'ஹோம்' வகைக்குரியது என்று. வயலுக்கான உறுதியைக் காட்டி வளவைக் கேட்டது போன்ற வேலை அது. 'ஹோம்' வகையை நிறுவி, கைத்தொலைபேசி மூலம் இணையத்தைக் கொடுத்தோம். ஒரு சதமும் செலவின்றிக் கணினி தானாகவே செயற்பட்டது.

அழிப்பதற்கு முன்

1. பிள்ளைகளின் பாடங்கள், கணக்குகள், பிரதி எடுத்து வைத்த ஆவணங்கள் யாவற்றையும் வேறொரு வன்தட்டிலோ பென்ட்ரைவிலோ சேமியுங்கள். திறப்பைப் பின்னரும் பெறலாம். அழிந்த கோப்பை மீட்பது அரிது.

2. செற்றிங்ஸ் பகுதியில் 'அக்டிவேஷன்' என்ற பக்கத்தைத் திறந்து பாருங்கள். விண்டோஸ் எந்த வகை, செயற்பட்டுள்ளதா, டிஜிற்றல் லைசன்ஸ் உள்ளதா என்று அங்கே இருக்கும். அதைக் கொப்பியில் எழுதி வையுங்கள்.

3. முடிந்தால் அக்கணினியை ஒரு மைக்ரோசொஃப்ட் கணக்குடன் இணையுங்கள். பின்னர் பாகம் மாற்ற நேர்ந்தால் இது உதவும்.

நிறுவிய பின் திறப்புக் கேட்டால்

முதலில் திகதியையும் நேரத்தையும் பாருங்கள். பழைய கணினிகளில் தாய்ப்பலகையிலுள்ள சிறிய வட்ட பற்றறி இறந்துவிட்டால் திகதி பல ஆண்டுகள் பின்னே போய்விடும். அப்போது நிறுவனத்தின் பதிவுடன் கணினியால் தொடர்புகொள்ள முடியாமற் போகலாம். அடுத்து இணையம் உண்டா, நிறுவிய வகை சரியா என்று பாருங்கள். நிறுவும்போது திறப்புக் கேட்டால் 'என்னிடம் திறப்பு இல்லை' என்ற தெரிவை அழுத்தி, முன்பிருந்த அதே வகையைத் தெரியுங்கள்.

இத்தனையும் சரியாக இருந்தும் செயற்படவில்லையெனில், தாய்ப்பலகை மாற்றப்பட்டதா என விசாரியுங்கள். வன்தட்டையோ நினைவகத்தையோ மாற்றினால் பொதுவாகப் பாதிப்பில்லை. தாய்ப்பலகை மாறினால் அதை வேறொரு கணினியாகவே கருதுவார்கள். முன்னரே கணக்குடன் இணைத்திருந்தால், அதே பக்கத்தில் உள்ள 'ற்ரபிள்ஷூற்றர்' மூலம் பாகம் மாற்றியதை அறிவித்து உரிமத்தை மீளக் கேட்கலாம். ஆனால் கணினியுடன் சேர்ந்து வந்த உரிமம் அந்தக் கணினிக்கே உரியது. தனியாக வாங்கிய உரிமத்தையே வேறு கணினிக்குக் கொண்டுபோகலாம். அனுமதிப்பத்திரக் காணிக்கும் உறுதிக் காணிக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்த எமக்கு இது புதிதல்ல.

அவசரப்பட வேண்டாம்

செயற்படாத விண்டோஸ் 10, 11 உடனே நின்றுவிடுவதில்லை. மூலையில் அந்த எழுத்து நிற்கும், திரையின் தோற்றத்தை மாற்ற விடாது. எனினும் பிள்ளை பாடம் எழுதலாம், கோப்பைப் பிரதி எடுக்கலாம். இது உரிமம் ஆகாது. ஆறுதலாக விசாரிப்பதற்குக் கிடைத்த அவகாசம் என்று கொள்வோம்.

'கிராக்' என்று சொல்லி இலவசமாகத் தரும் மென்பொருள்களை ஏற்ற வேண்டாம். அவை வைரஸ் காவலை நிறுத்தச் சொல்லும். வேலியைப் பிடுங்கிவிட்டுப் பயிர் வைப்பது போன்றது அது. வைரஸும், கடவுச்சொல்லைத் திருடும் மென்பொருளும் இவ்வழியாக வருவதுண்டு. மிகக் குறைந்த விலைக்கு விற்கப்படும் திறப்புகளும் பின்னர் செல்லுபடியற்றதாகலாம்.

மிகப் பழைய கணினியாயின் வேறு வழியும் உண்டு. விண்டோஸ் 7 க்கான பாதுகாப்பு உதவி 2020 இல் முடிந்தது. விண்டோஸ் 10 க்கான வழமையான இலவச உதவி 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. பல பழைய கணினிகள் விண்டோஸ் 11 ஐ ஏற்கா. அவற்றில் உபுந்து, லினக்ஸ் மின்ற் போன்றவற்றை நிறுவலாம். அவை திறப்புக் கேட்பதில்லை, பணமும் கேட்பதில்லை. கடிதம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் லிப்ரே ஒபிஸ் போதும்.

கலந்துரையாடுவோம்

1. எமது நிலையத்திலுள்ள ஒவ்வொரு கணினியிலும் எந்த வகை விண்டோஸ் உள்ளது? யார் அதை எழுதி வைப்பார்?

2. எமது முக்கிய கோப்புகளின் பிரதி வேறு எங்கே உள்ளது?

3. கணினி ஒன்றை நன்கொடையாகப் பெறும்போது கொடுப்பவரிடம் எவற்றைக் கேட்டறிய வேண்டும்?