தேரிக்காட்டுக்குப் போகும் மகளுக்கு

காற்று மண்ணை அரிப்பதைப் பற்றி ஆய்வு செய்யப்போவதாக எழுதியிருந்தாய், மகளே. களமாகத் தூத்துக்குடித் தேரியை எடுத்துக்கொண்டாய் என்பதில் எனக்கு இரட்டிப்பு மகிழ்ச்சி. என் காலமெல்லாம் தார் பாலையில் கழிந்தது. இருந்தாலும் குதிரைமொழித் தேரியின் சிவப்பு மணல்மேல் எனக்கு ஒரு தனி ஆசை உண்டு. கருவிகளை எப்படிப் பூட்டுவது என்று உன் வழிகாட்டி சொல்லித்தருவார். அவர் சொல்ல மறக்கக்கூடியவற்றை நான் சொல்கிறேன்.

1. முதலில் குனியப் பழகு. காற்றடித்தால் எல்லோரும் அண்ணாந்து தூசி மண்டலத்தைப் பார்ப்பார்கள். வேலை நடப்பதோ கீழே. நகரும் மணலில் பெரும்பகுதி முழங்காலுக்குக் கீழேயே ஓடுகிறது. சாயங்கால வெயில் சாய்ந்து விழும்போது மணலில் மண்டியிட்டுப் பார். தரையை ஒட்டி ஒரு மெல்லிய சிவப்புப் படலம் விரைந்து போகும். கணுக்காலில் சுருக் சுருக்கென்று குத்தும். கால் மில்லிமீட்டர் அளவுள்ள மணி ஒன்று எம்பி, காற்றின் வேகத்தை வாங்கிக்கொண்டு விழும்போது, கோலிக்குண்டு அடித்ததுபோல் வேறு சில மணிகளைக் கிளப்பிவிடும். நுண்தூசியைக் காற்று நேரடியாகத் தூக்குவது கடினம். அது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும். விழுகிற மணிகள் மோதித்தான் அது மேலே எழும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி பறந்து நான் பார்த்ததில்லை. அம்மிக்கு அடியிலிருந்த மண் போய்விட்டதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே ஓடும் மணலைப் பிடிக்க நீ நடும் பொறிகளில் மிகத் தாழ்வாக இருப்பதைத்தான் அடிக்கடி கவனிக்க வேண்டும். சற்று நேரம் விட்டால் அதன் வாய் மூடிப்போகும், அல்லது அடிமண் அரிபட்டு வாய் அந்தரத்தில் நிற்கும். இரண்டிலும் கணக்கு பொய்.

2. சராசரியை நம்பி மோசம் போகாதே. நகரும் மணலின் அளவு ஏறக்குறைய காற்று வேகத்தின் கனத்தை ஒட்டிக் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் மணல் எட்டு மடங்கு. ஒரு மணி நேரம் முழுக்க விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் காற்று வீசினால், 6ஐ மூன்று முறை பெருக்கி 216 என்று வை. அரை மணி நேரம் 3 மீட்டரும் அரை மணி நேரம் 9 மீட்டரும் வீசினாலும் சராசரி அதே 6தான். ஆனால் கனங்கள் 27, 729, சராசரி 378. போதாததற்கு, 3 மீட்டர் காற்றில் மணல் அசையவே அசையாது. காய்ந்த மணலுக்கே 5, 6 மீட்டர் வேண்டும். மாதச் சராசரிக் காற்றை வைத்துக்கொண்டு மண்ணிழப்பைக் கணக்கிட்ட கட்டுரைகள் என் மேசைக்கு நிறைய வந்திருக்கின்றன. ஒன்றையும் ஒப்புக்கொண்டதில்லை.

3. காற்று வரும் நாளில் நீ அங்கே இரு. தானியங்கிக் கருவி எண்ணைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. ஜோத்பூருக்கு அப்பால் எங்கள் களத்தில் ஒரு நாள் பொறி ஒன்றில் மட்டும் மணல் குவிந்திருந்தது. கருவிக் கோளாறு என்று அந்த நாளையே அடித்துவிடப் பேனாவை எடுத்தான் உடனிருந்த மாணவன். அருகே உட்கார்ந்திருந்த கிழவர் சிரித்தார்: "நேற்று என் ஆடுகள் அந்தப் பக்கமாகத்தானே போயின!" மழைக்குப் பின் இறுகியிருந்த மேல்பொருக்கை மந்தை மிதித்து உடைத்திருந்தது. அந்த ஒரு நாள்தான் பின்பு அவன் ஆய்வின் முக்கியமான அத்தியாயம். ஒவ்வாத எண்ணை அழிப்பதற்கு முன்னால் அக்கம்பக்கத்தில் நாலு பேரைக் கேள்.

4. ஆய்வுக்கூடத்தில் கண்டதைக் களத்தில் சோதி. இந்தத் துறையின் மூலவரான பேக்னால்ட் பேராசிரியர் அல்ல, பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர். விடுமுறைகளில் ஃபோர்டு கார்களை ஓட்டிக்கொண்டு லிபியப் பாலைக்குள் போனவர். 1935இல் ஓய்வு பெற்று லண்டனில் காற்றுச் சுரங்கம் அமைத்து மணலை ஓடவிட்டு அளந்தார். அத்தோடு நிற்கவில்லை, 1938இல் பாலைக்குத் திரும்பிப் போய்த் தன் எண்களைச் சரிபார்த்தார். 1941இல் நூல் வந்தது. இன்றும் இத்துறைக்கு வருபவர்கள் அதைத் தொடாமல் போவதில்லை. காற்று வேகத்திலிருந்து மணலின் அளவைச் சொல்லும் அவருடைய சூத்திரத்தை மனப்பாடம் செய்வதைவிட அந்த 1938 பயணத்தை நினைவில் வைத்துக்கொள்.

5. காற்றைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதே. 1930களில் அமெரிக்கச் சமவெளியில் பகலை இருட்டாக்கிய தூசிப்புயல்களுக்கு வறட்சி ஒரு காரணம். புல்தரையை உழுதுபோட்டது இன்னொன்று. கலிபோர்னியாவின் ஓவன்ஸ் ஏரிக்கு வந்துகொண்டிருந்த நீரை 1913இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக்குத் திருப்பினார்கள். 1920களிலேயே ஏரி வறண்டு, அந்த நாட்டின் மிக மோசமான தூசிக்களங்களில் ஒன்றாயிற்று. காற்று என்றும்போலத்தான் அடித்தது. தேரியிலும் இதே கேள்வியைக் கேள்: மழையை மலையில் கொட்டிவிட்டு ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வறண்டு வரும் காற்று புதிதல்ல, உடைமரமும் பனையும் கொல்லாமரமும் எங்கே குறைந்தன, ஏன் குறைந்தன?

அதற்காக எல்லா மணலையும் கட்டிப்போடத் துடிக்காதே. தேரி பழமையானது. அங்கே கிடைத்த சிறு கற்கருவிகளைப் பற்றி சாய்னரும் ஆல்சினும் 1956லேயே எழுதியிருக்கிறார்கள். அந்த மண்ணுக்கு உன் மீட்பு தேவையா என்று பார்த்துவிட்டு மீட்கப் போ.

6. தண்ணீரும் கண்ணாடியும் இல்லாமல் இறங்காதே. பனையேறுகிறவரிடம் வழி கேள். வரைபடத்தில் இருக்கும் தடம் போன வருடத்தது.

7. சூத்திரம் சொல்வதும் பொறி சொல்வதும் ஒத்துப்போகாது. சில நேரம் பல மடங்கு வேறுபடும். பொறி எல்லா மணலையும் பிடிப்பதில்லை. சூத்திரத்துக்கோ ஈரமும் தெரியாது, புல்லும் தெரியாது. இரண்டையும் இழுத்துக் கட்டி அழகான வரைபடம் போடும் ஆசை வரும், முக்கியமாக ஆய்வேட்டின் கடைசி ஆறு மாதங்களில். இடைவெளியை அப்படியே அச்சிடு. உனக்குப் பின்னால் வருகிறவர்கள் அதில்தான் வேலை செய்வார்கள்.

வைகாசி முடிவதற்குள் பொறிகளை நட்டுவிடு. கச்சான் காற்று வலுத்த பிறகு குழி தோண்டத் தோண்டச் சரியும். முதல் வார எண்கள் கைக்கு வந்ததும் எனக்கு அனுப்பு. திருத்தாமல் அனுப்பு.