வேலிக்கு வெளியே ஒரு பிள்ளை

தியானப் பகுதி: சகரியா 8:4, 5



சில ஆண்டுகளுக்கு முன் கோயம்புத்தூரில் ஒரு பூங்காவின் வேலியோரம் ஒரு தாயாரைச் சந்தித்தேன். மூளை முடக்குவாதமுள்ள அவருடைய எட்டு வயது மகன் சக்கர நாற்காலியில் இருந்தான். உள்ளே அவன் தங்கை ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, தம்பியை உள்ளே கூட்டிப் போகலையா?" என்றேன்.

"மணல்ல வண்டி போகாதுங்க ஐயா. இவன் இங்கிருந்தே பாத்துட்டு இருப்பானுங்க. அதுவே இவனுக்குப் போதுமுங்க" என்றார்.

பையனின் தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டு வந்துவிட்டேன். இரவில்தான் மனம் உறுத்தியது. போதுமா என்று நான் அவனைக் கேட்கவேயில்லை.

சிறையிருப்பிலிருந்து திரும்பிய ஜனங்களுக்கு, சீர்ப்படப்போகும் எருசலேமைச் சகரியா காட்டுகிறார். இந்த இரண்டு வசனங்களில் அலங்கமும் இல்லை, அரண்மனையும் இல்லை. கோலூன்றிய முதியோர் வீதிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த நகரத்தின் வீதிகளிலேயே பிள்ளைகள் விளையாடுகிறார்கள். கோல் வேண்டியவர்களுக்கென்று தனி வீதி ஒதுக்கப்படவில்லை. இதிலிருந்து மூன்று காரியங்களைக் கற்றுக்கொள்வோம்.

1. விளையாட்டு நாம் இடும் தர்மம் அல்ல

2006-ல் ஐ.நா. சபை ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30-ஆம் பிரிவு, இப்பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளுக்குச் சமமாக விளையாட்டில் பங்குபெற வேண்டும் என்கிறது. 2007-ல் இந்தியாவும் இதை உறுதி செய்தது. முறைக்குக் காத்திருப்பது, தோற்பது, சண்டையிட்டு மறுபடி சேர்வது ஆகியவற்றைப் பிள்ளைகள் விளையாட்டில்தான் கற்கிறார்கள். நாற்காலியில் இருக்கும் பிள்ளைக்கு மட்டும் அந்தப் பாடம் வேண்டாமா?

2. தனி இடம் அல்ல, ஒரே இடம்

பெங்களூருவில் பெற்றோர் சேர்ந்து தொடங்கிய 'கிளிகிளி' என்னும் அமைப்பு, மாநகராட்சியின் ஒத்துழைப்போடு 2006-ல் கோல்ஸ் பூங்காவில் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து விளையாடும் இடத்தை உருவாக்கியது. பின்னர் சென்னை மாநகராட்சியும் சாந்தோமில் இத்தகைய விளையாட்டுத் திடலை அமைத்தது. அண்ணனும் தங்கையும் ஒரே வாசல் வழியாய் உள்ளே போவதே இவற்றின் சிறப்பு.

இதற்குப் பெரிய வித்தை தேவையில்லை. வாசல் மூன்றடி அகலம் இருக்கட்டும். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமாவது சாய்தளம் வேண்டும். நடைபாதையில் மணலுக்குப் பதில் கெட்டியான சமதளம் போதும். முதுகுச் சாய்மானமும் வாரும் உள்ள ஊஞ்சல், நாற்காலி உள்ளே நுழையும்படி உயர்த்திக் கட்டிய மணல் மேடை, பார்வையற்ற பிள்ளை தட்டி ஒலியெழுப்ப மணிகள், இரைச்சல் தாளாத ஆட்டிசப் பிள்ளை சற்றே ஒதுங்க நிழலான மூலை ஆகியவை வேண்டும். பேரப்பிள்ளையோடு வரும் தாத்தாவுக்கும் அந்தச் சாய்தளம் உதவும்.

3. கட்டினால் மட்டும் போதாது

சக்கர நாற்காலியில் செல்வோர் கடலருகே போகும்படி 263 மீட்டர் நீள மரப்பாதை 2022 நவம்பரில் மெரினாவில் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது. பின்பு அது சீரமைக்கப்பட்டது. அறுந்த ஊஞ்சல் வாரை மாற்றவும், பெயர்ந்த தளத்தைப் பூசவும் ஆளில்லாவிட்டால் அந்தப் பிள்ளை மறுபடியும் வேலிக்கு வெளியேதான். திறப்பு விழாவுக்குக் கொடுப்பவர்கள் அநேகர். மூன்றாம் வருடப் பழுதுபார்ப்புக்குக் கொடுப்பவர்கள் சிலரே. அந்தச் சிலரில் நாமும் இருப்போமாக.

சிந்திக்க:

உங்கள் ஆலய வளாகத்தையும் ஓய்வுநாள் பள்ளி அறையையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். எந்தப் படியில் ஒரு சக்கர நாற்காலி நின்றுவிடும்?

உங்கள் தெருவில் விளையாட வராத பிள்ளை யார்? அப்பிள்ளைக்கு என்ன விளையாட ஆசை என்று யாராவது கேட்டதுண்டா?

அந்தத் தாயாரை நான் மறுபடி சந்திக்கவில்லை. இப்போதெல்லாம் வார்டில் பிள்ளைகளுக்காக ஜெபிக்குமுன் அவர்களிடம் ஒரு கேள்வி கேட்கிறேன்: "கண்ணு, உனக்கு என்ன விளையாட்டுப் பிடிக்கும்?" பதில் சொல்லாத பிள்ளை இதுவரை இல்லை, பேச முடியாத பிள்ளையும் கண்ணால் காட்டிவிடுகிறது.

கர்த்தர் தாமே நம் ஊர் வீதிகளையும் பிள்ளைகளால் நிரப்புவாராக. ஆமென்.