மளிகைச் செலவும் குடியானவர் இல்லமும்

பருப்பு விளைவிக்கின்ற குடியானவர் இல்லத்தில், பருப்புக்காக மளிகைக் கடையில் கடன் ஏன் இருக்க வேண்டும்? மானாவாரிச் சிற்றூர் ஒன்றில் ஒரு குடும்பத்தின் கடைக்கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்த்தபோது நமக்கு எழுந்த கேள்வி இது. அக்குடும்பத்தினர் தை மாதத்தில் தங்கள் துவரை முழுவதையும் களத்திலேயே வியாபாரிக்கு நிறுத்துக் கொடுத்துவிட்டனர். மாசி பிறந்தது முதல், “து. பருப்பு கால் கிலோ” என்னும் வரி இரண்டு நாளுக்கு ஒரு முறை அந்த நோட்டில் வருகிறது. விற்றதும் துவரை, வாங்கியதும் துவரை. இடையே ஏறிய விலையோ கைவிட்டுப் போயிற்று.

அவர்களைக் குறை கூறுவது எளிது, ஆனால் நியாயமன்று. உரத்துக்கும் கூலிக்கும் பட்ட கடன் அறுவடையை எதிர்பார்த்துக் காத்திருக்கும்போது, விளைச்சலைத் தேக்கி வைக்குமாறு கூறுவது வெறும் உபதேசமேயாகும். விளைச்சல் முழுவதையும் நிறுத்தி வைக்க வேண்டுவதில்லை. வீட்டுக்கு எவ்வளவு வேண்டும் என்பதைக் கணக்கிட்டு, அதை மட்டும் விற்பனைக்கு முன்பே ஒதுக்கினால் போதும்.

அக்கணக்கைப் பார்ப்போம். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு மாதம் 4 கிலோ வீதம் ஆண்டுக்கு 48 கிலோ பருப்பு செலவாகிறது என்று கொள்வோம். தமிழ்நாட்டு நியாய விலைக் கடைகளில் அரிசி அட்டைதாரருக்கு மாதம் 1 கிலோ பருப்பு 30 ரூபாய்க்கு வழங்கப்படுகிறது. அதைத் தவறாது வாங்குவோர் 12 கிலோவைக் கழித்துக்கொள்ளலாம். எஞ்சுவது 36 கிலோ. துவரையை உடைத்தால் நூற்றுக்கு எழுபது பங்குக்குச் சற்று மேல் பருப்பாகத் தேறும். ஆகவே 50 கிலோ துவரை, அதாவது அரை மூட்டை, அவ்வில்லத்தின் ஓராண்டுத் தேவையை நிறைவு செய்துவிடும். கடனடைக்க எஞ்சியவை சந்தைக்குச் செல்லட்டும்.

“வண்டு விழுந்துவிடுமே” என்று இல்லத்தரசிகள் கூறுவது மெய். பயறு வண்டு வயலிலேயே காய்களின்மீது முட்டையிட்டு, மணிகளோடு நம் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. மணியின்மேல் வெண்ணிறப் புள்ளிகள் தென்பட்டால் அவை அதன் முட்டைகளே. நன்றாக வெயிலில் உலர்த்துவது முதற் காப்பு. முழுத் துவரையாக வைப்பதைக் காட்டிலும் உடைத்த பருப்பாக வைத்தால் இவ்வண்டின் தொல்லை குறையும். துவரையை ஊறவைத்து, செம்மண் குழம்பில் புரட்டிக் காயவைத்து, மண்ணைச் சலித்துத் திரிகையில் உடைக்கும் நம் பெண்களின் பழைய முறை இன்றும் பழுதற்றது. விதைக்கு வைப்பதை மட்டும் தனியே எடுத்து வைத்தல் வேண்டும்.

நிலமில்லாதோரும் அறுவடைக் காலத்தை அறிந்து வாங்கலாம். புளி மாசி, பங்குனியில் புதிதாக வரும். கொட்டை நீக்கி உப்பிட்டு மண்பானையில் அடைத்தால் ஆண்டு முழுவதும் இருக்கும். இராமநாதபுரம் வட்டாரத்து முண்டு மிளகாய் சந்தைக்கு வருவதும் ஏறத்தாழ அதே பருவத்தில்தான். காவிரிப் பாசனப் பகுதியில் நெல்லுக்குப் பின் விதைத்த உளுந்தும் பங்குனி, சித்திரையில் களத்துக்கு வந்துவிடும். இவற்றைப் பத்து வீட்டார் சேர்ந்து மூட்டையாக வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். மகளிர் குழுக்கள் உள்ள ஊர்களில் இதற்கெனப் புதிய சங்கம் எதுவும் வேண்டுவதில்லை. பஞ்சாயத்து அங்கத்தினர்கள் செய்யத்தக்கது ஒன்றுண்டு: ஊரின் உலர்களத்தில் வாகன நிறுத்தமும் பந்தலும் தவிர்த்து, பருவத்தில் அதைத் தானியத்துக்கு ஒழித்துக் கொடுப்பதாகும்!

எல்லாவற்றையும் ஆண்டுக்கு வாங்குதல் தகாது. அரைத்த மிளகாய்ப்பொடி மணம் இழக்கும். நிலக்கடலையில் ஈரம் பட்டுப் பூஞ்சை பிடித்தால் அதில் நஞ்சு உண்டாகும்; அத்தகைய கடலையை வறுத்தும் பயனில்லை, எண்ணெய்க்கும் அனுப்பலாகாது.

இனிச் சிறு பொட்டலத்தைப் பற்றிக் கூறுவோம். 10 கிராம் பொடி 5 ரூபாய் என்றால் அதன் விலை கிலோ 500 ரூபாய். கிலோ 500 ரூபாய் என்று கடைக்காரர் சொன்னால் வாங்க மறுக்கும் அதே கை, 5 ரூபாய் நாணயத்தை எளிதாக நீட்டிவிடுகிறது. 2021ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட பொட்டலப் பொருள் விதிகளின்படி, உறையின்மீது மொத்த விலையோடு அலகு விலையும் அச்சிடப்பட வேண்டும். ஒரு கிலோவுக்குக் குறைந்த உறையில் அது கிராமுக்கு இவ்வளவு என்றும், கிலோவுக்கு மேற்பட்ட உறையில் கிலோவுக்கு இவ்வளவு என்றும் இருக்கும். கிராம் விலையை ஆயிரத்தால் பெருக்கினால் இரண்டையும் ஒப்பிடலாம். பள்ளிச் சிறுவரிடம் இவ்வேலையைக் கொடுத்தால் மகிழ்ந்து செய்வர். பெரிய உறையே எப்போதும் மலிவு என்று எண்ணுதலும் பிழை. எண்ணெயில் தனிக் கவனம் வேண்டும்: ஒரு லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம் எடையுள்ளது. லிட்டர் உறையைப் போன்றே தோன்றும் சில உறைகளில் 800 அல்லது 850 கிராம் மட்டுமே இருக்கும்.

கடன் நோட்டை ஒரே நாளில் மூட இயலாது. முதலில் பருப்பு, புளி, மிளகாய் ஆகிய மூன்றும் நோட்டில் ஏறாதவாறு செய்தால், கடைக்காரரிடம் விலை கேட்கும் துணிவு தானே வரும். கடன் வைத்திருப்பவர் விலை கேட்பதில்லை என்பதைக் கடைக்காரரும் அறிவார்.

சேமித்த பருப்பை ஐப்பசி மழை தொடங்குமுன் ஒரு முறை வெளியே எடுத்து வெயிலில் காயவைத்தல் வேண்டும். சூடு நன்றாக ஆறிய பின்னரே பானையில் இட்டு மூட வேண்டும்; சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.