நிற்காத மோட்டார்



எங்க ஊர்ப் பக்கம் யாருக்காவது கேன்சர் என்றால் "அடையாறு போயிருக்காங்க" என்று மெதுவாகச் சொல்வார்கள். 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியால் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை அங்கே இருப்பதால் அப்படி ஒரு பேச்சு. போன வருஷம் எங்க வீட்டைப் பற்றியும் அப்படிப் பேசினார்கள்.

என் பெரியப்பா மாமல்லபுரத்தில் கல் சிற்ப வேலை செய்பவர். வெளிக்குப் போகும்போது ரத்தம் வந்தது. உட்கார்ந்தே வேலை செய்வதால் மூலம், உடம்புச் சூடு என்று நினைத்து ஒன்றரை வருஷம் மோரும் கருணைக்கிழங்குமாகச் சாப்பிட்டார். கடைசியில் சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தபோது பெருங்குடலில் புற்றுநோய் என்று தெரிந்தது. கல்லீரலுக்கும் பரவியிருந்தது.

பக்கத்துக் கட்டில்காரருக்குப் போட்ட ஒரு ஊசியைப் பெரியப்பாவுக்குப் போடவில்லை. "நம்மகிட்ட பணம் இல்லன்னுதான் போடல" என்று பெரியம்மா அழுதார்கள். பணம் காரணமே இல்லை. டாக்டரம்மா எனக்குப் புரியவைத்ததை எழுதுகிறேன்.

நம் குடலின் உள்பக்கச் செல்கள் 4, 5 நாளில் உதிர்ந்து புதிதாக வளர்கின்றன. "இப்போ பிரி" என்று செல்லுக்குச் சொல்லும் புரதத்துக்கு வளர்ச்சிக் காரணி என்று பெயர். அதில் ஒன்றை அமெரிக்க விஞ்ஞானி ஸ்டான்லி கோகன் சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியில் கண்டுபிடித்தார். அதை ஊசி போட்ட எலிக்குட்டிகள் மற்ற குட்டிகளுக்கு முன்னாடியே கண் திறந்தனவாம்! (எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது.) 1986-ல் அவருக்கும் ரீட்டா லெவி மொண்டால்சினி அம்மையாருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

கழனியில் இருக்கும் பம்பு செட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வளர்ச்சிக் காரணிதான் விரல். செல்லின் மேலே உள்ள ஏற்பி, பச்சைப் பொத்தான். உள்ளே இருக்கும் 'ராஸ்' என்ற புரதம், ஸ்டார்ட்டருக்குள் உள்ள காண்டாக்ட். விரல் அழுத்தினால் காண்டாக்ட் சேரும், மோட்டார் ஓடும், செல் இரண்டாகப் பிரியும். அப்புறம் காண்டாக்ட் தானே விலகிவிடும். ராஸ் மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறினால் போச்சு! காண்டாக்ட் ஒட்டிக்கும். யாரும் அழுத்தாமலே மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கும். பெருங்குடல் புற்றுநோய் வந்த 100 பேரில் சுமார் 40 பேருக்கு இப்படி ஒட்டியிருக்கிறது.

அந்த ஊசி மருந்தின் பெயர் செடுக்சிமாப். பொத்தானை மூடிவிடுவதுதான் அதன் வேலை. 2004-ல் அமெரிக்காவில் குடல் புற்றுநோய்க்கு அனுமதித்தார்கள். ஆனால் காண்டாக்டே ஒட்டிப்போனவருக்குப் பொத்தானை மூடி என்ன பயன்? 2008-ல் வந்த ஆய்வுகளில் இது தெளிவானது. அதனால்தான் முதலில் ராஸ் சோதனை செய்கிறார்கள். பெரியப்பாவுக்கு ராஸ் மாறியிருந்தது. இப்போது வேறு கீமோ மருந்து ஏறுகிறது. நான் பம்பு செட் படம் வரைந்து காட்டிய பிறகுதான் பெரியம்மாவுக்கு மனசு ஆறியது.

இந்த நோய் ஒரே நாளில் வருவதில்லை. பெரும்பாலும் முதலில் 'ஏ.பி.சி.' என்ற பிரேக் மரபணு கெட்டு, பாலிப் என்னும் குட்டிச் சதை வளரும். பிறகு ராஸ் மாறும், இன்னும் சில மரபணுக்களும் கெடும். இதற்கே 10 வருஷம் வரை ஆகலாம். பாலிப்பாக இருக்கும்போதே குழாய் வழியாக வெட்டி எடுத்துவிடலாம். கூடப் பிறந்தவர்களும் பார்த்துக்கொள்ளணும் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார்கள்.

எங்கப்பா, "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்கிறார். வரும் சனிக்கிழமை பெற்றோர் ஆசிரியர் கூட்டம். அவரை நேராக இந்தத் தாள் முன்னால்தான் கூட்டி வந்து நிறுத்தப் போகிறேன்.

– 9ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி